நல்லா ஓடுதா?

பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவரை டீக்கடையில் பார்த்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "வண்டி நல்லா ஓடுதா?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "சூப்பரா ஓடுது." நடுவில் இருக்கும் அந்த 'நல்லா'வுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் யோசிப்பதில்லை. வீட்டு வாசலில் சாக்கை விரித்துத் தானே இன்ஜினைப் பிரிப்பவர் மட்டும் யோசித்தே ஆக வேண்டும். எதை நோக்கிச் சரிசெய்கிறோம் என்று தெரியாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்ப முடியாது.

பஜாஜ் சேத்தக் 1972-இல் வந்தது. அதே ஆண்டில் அரசு தொடங்கிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம், இத்தாலியில் லாம்பிரெட்டா செய்துகொண்டிருந்த இன்னொசென்டியின் இயந்திரங்களை லக்னோவுக்குக் கொண்டுவந்து விஜய் சூப்பரைத் தயாரித்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஸ்கூட்டர் வாங்கிய காலம் அது. அப்படிக் காத்திருந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். அந்த ஜி.எஸ்.டி. சாலையில் அவர் வேலைக்குப் போய்வந்த சேத்தக் இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் இல்லை.

நண்பர்கள் சொல்கிறார்கள்: "போர்ட்டை ஏத்தி வெட்டு, பெரிய கார்புரேட்டர் போடு, சைலன்சரை மாத்து. பறக்கும்டா." உண்மைதான், பறக்கும். ஆனால் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை வெளியேறும் போர்ட்டை உயர்த்தினால் சக்தி மேல் வேகத்துக்கு நகர்ந்துவிடும். கீழ் வேகத்தில் இழுவை குறையும். முன்னால் நான் நிற்க, பின்னால் அம்மா உட்கார, காலடியில் ஒரு சிப்பம் அரிசியோடு மேட்டில் ஏறிய வண்டிக்கு அந்த இழுவைதான் உயிர். வேகத்தைக் கூட்டினாலும் பிரேக் அதே பழைய டிரம் பிரேக், சக்கரம் அதே 10 அங்குலம். ஓடும் திறனை மட்டும் வளர்த்து, நிற்கும் திறனை அப்படியே விட்டுவைப்பதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

நல்ல குதிரை எது என்பதற்கு அரிஸ்டாட்டில் சொல்லும் விளக்கத்தில் ஓட்டம் மட்டும் இல்லை. மேலே இருப்பவரைச் சுமப்பதும் சேர்ந்தே வருகிறது. நம் பக்கத்தில் இதற்கு இன்னும் பொருத்தமான ஒரு வார்த்தை இருக்கிறது: சுருதி சேர்ப்பது. தம்புராவின் தந்தியை முறுக்குவது சத்தத்தைக் கூட்ட அல்ல, அது சேர வேண்டிய இடத்தில் சேர்க்க. இன்ஜினிலும் அப்படித்தான். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைக் கேஜ் வைத்துப் பார்க்கிறோம். சைலன்சரில் அடைத்த கார்பனை எடுக்கிறோம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ப்ளக்கைக் கழற்றிப் பார்க்கிறோம். கருப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், காப்பிப்பொடி நிறம் வந்தால் சரி. நம் விருப்பத்தை அதன்மேல் ஏற்றாமல், அது சொல்வதைக் கேட்கும் வேலை இது.

இதோடு கட்டுரையை முடித்துவிட்டால் எனக்கு வசதிதான். பழையதை அதன் அளவிலேயே காப்பாற்றுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சுருதி சேர்ந்த சேத்தக்கும் புகை விடும். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவது அதன் பிறவிக் குணம். சிலிண்டருக்குள் புதுக் கலவை நுழையும்போது வெளிப்போர்ட்டும் திறந்தே இருப்பதால், ஒரு பங்கு எரியாமலே வெளியே போய்விடுகிறது. புகைச் சான்றிதழ் விதியே இதை ஒப்புக்கொள்கிறது: 31 மார்ச் 2000-க்கு முன் தயாரான இருசக்கர வண்டிகளுக்கு ஹைட்ரோகார்பன் அளவு 9,000 பிபிஎம் வரை போகலாம், அதன்பிறகு வந்த ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிக்கு விதித்த வரம்பு 4,500. சட்டம் சலுகை தந்துவிட்டது. பின்னால் மூச்சு விடுகிறவர் தந்தாரா?

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அப்பாவின் நினைவு என் சொந்த விஷயம், புகை அப்படியல்ல. என் பாசத்துக்கான செலவில் ஒரு பகுதியை, சிக்னலில் எனக்குப் பின்னால் மொபெட்டில் குழந்தையோடு நிற்கும் ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அப்பாவையும் தெரியாது, சேத்தக்கின் வரலாறும் தேவையில்லை.

அதற்காக வண்டியைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லவில்லை. ஒரு புது வண்டியைச் செய்யவும் இரும்பும் நெருப்பும் வேண்டும். இருப்பதைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் 'நல்லா' என்பதை அளக்கும்போது ஓட்டுகிறவரோடு நிறுத்தாமல் பின்னால் வருகிறவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் வேலைகள் தானாக மாறும். லிட்டருக்கு 20 மில்லி ஆயில் போதும் என்றால் "சேஃப்டிக்கு" இன்னும் கொஞ்சம் ஊற்றாமல், மூடியில் அளந்து ஊற்றுவோம். தேய்ந்த ரிங்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட மாட்டோம். தினமும் திண்டிவனம் போக ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன. சேத்தக் ஞாயிற்றுக்கிழமை காலையில், சாலை காலியாக இருக்கும்போது வெளியே வந்தால் போதும்.

ட்யூனிங் முடிந்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்கிச் சத்தத்தைக் கேட்பதுதான் எல்லாருக்கும் பழக்கம். வண்டியை ஐட்லிங்கில் விட்டுவிட்டு, பின்பக்கம் போய் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். ஓடுதா என்பது முன்னாலேயே தெரிந்துவிடும். நல்லா ஓடுதா என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.