கண்ணாடியின் மறுபக்கம்

பொன்முலாம் பூசிய சட்டம். கொடியும் மலரும் சிப்பியும் பின்னிப் படர்ந்த செதுக்கு வேலை. நடுவே ஆளுயரக் கண்ணாடி. ஐரோப்பிய நகரொன்றின் ஏலக்கூடத்தில் நிற்கிறது அது. வாங்க வந்தோர் முன்னே நின்று தம் முகம் கண்டு மகிழ்கின்றனர். மதிப்பீட்டாளரோ அதைத் திருப்பி, முதுகைப் பார்க்கிறார்!

பளபளப்பில் மயங்காதே, பின்னே சென்று பார் என்பதன்றோ பகுத்தறிவின் முதற்பாடம்! அந்த அளவில் அவரை நாம் பாராட்டுகிறோம்.

என்னென்ன பார்க்கிறார் அவர்? பின்பலகையில் இருப்பது கைரம்பத்தின் கோடா, எந்திர ரம்பத்தின் கோடா? சட்டத்தில் மின்னுவது தங்க ரேக்கா, பித்தளைத் தூள் கலந்த வண்ணமா? ரேக்கு எனில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த விளிம்பு மெல்லிய கோடாய்த் தெரியும். பித்தளையோ நாளடைவில் கறுத்துத் தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். கண்ணாடிமீது ஒரு நாணயத்தை வைக்கிறார்; நாணயத்துக்கும் பிம்பத்துக்கும் உள்ள இடைவெளி கண்ணாடியின் தடிப்பைச் சொல்கிறது. இறுதியில், ஓரத்தில் படர்ந்த சாம்பல் நிறப் புள்ளிகளைக் காண்கிறார், முகம் மலர்கிறது. பழைய பாதரசப் பூச்சு! பின்னாளில் மாற்றப்படாத முதற்பூச்சு! விலை ஏறுகிறது.

கறையைக் கண்டு விலை ஏறும் விந்தை இது! அந்தக் கறையின் கதை என்ன?

வெள்ளீயத் தகட்டை மேசைமேல் விரிப்பர். அதன்மேல் பாதரசத்தைப் பரப்புவர். கண்ணாடிப் பலகையை அதன்மீது மெல்லத் தள்ளி, எடைகளை ஏற்றி, மிஞ்சிய பாதரசம் வடியும்வரை காத்திருப்பர். காத்திருந்த கைகள் நடுங்கின. மூச்சுவழிப் புகுந்த நஞ்சு உடலைத் தின்றது. வெனிசை அடுத்த முரானோத் தீவின் கண்ணாடித் தொழிலாளர் வாதத்தாலும் இளைப்பாலும் நலிந்ததை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700இல் எழுதி வைத்தார். தாம் செய்த கண்ணாடியிலேயே தம் அவலத்தைக் காண நேர்ந்தவர்கள் அவர்கள்! பதினான்காம் லூயியின் வெர்சேல்ஸ் அரண்மனையில் 1684இல் நிறைவுற்ற கண்ணாடிக் கூடத்தின் 357 கண்ணாடிகளுக்குப் பின்னேயும் இதே பாதரசந்தான் இருந்தது. மன்னன் முகம் தெரிந்தது. மற்றவன் கை தெரியவில்லை.

“அக்காலத்தில் அறியாமல் செய்தனர்” என்பர் சிலர். அறியாமையா? 1700இலேயே எழுதப்பட்டுவிட்டதே! 1835இல் லீபிக் என்னும் செருமானிய வேதியியலார் பாதரசமின்றி வெள்ளி பூசும் வழியைக் கண்டார். அதன் பின்னரும் பவேரியாவின் ஃபூர்த் நகரில் பாதரசக் கண்ணாடித் தொழில் பல்லாண்டுகள் நடந்தது. இல்லாதிருந்தது அறிவன்று, அக்கறை!

“கூலி கொடுத்தார்களே” என்பர் வேறு சிலர். கூலி உழைப்புக்கு விலை. உடலுக்கும் உயிருக்கும் விலை எது? பசித்தவன் தலையசைத்தால் அது ஒப்புதல் ஆகிவிடுமா?

அப்படியானால் கண்ணாடியை உடைத்தெறிவதா? வேண்டாம், தோழர்களே! உடைப்பது எளிது, உணர்வதே அரிது. கண்ணாடி குற்றவாளியன்று, சாட்சி. சாட்சியை அழித்தால் யாருக்கு ஆதாயம்? அந்தச் செதுக்கு வேலையின் அழகும் பொய்யன்று. அதுவும் உழைத்தவனின் கைவண்ணமே. அழகை மறுக்கச் சொல்லவில்லை நாம். அழகின் பெயரால் அநீதியை மறக்காதீர் என்கிறோம். காலம், ரகம், கறை எல்லாம் எழுதும் மதிப்பீட்டுத் தாளில், பூசியவன் கை நடுங்கியது என்ற ஒருவரியும் இடம்பெறட்டும். அதுவரை அந்த மதிப்பீடு அரைகுறையே.

பழங்கதை என்று ஒதுக்கவும் இயலாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் மினமாட்டா உடன்படிக்கையை உலக நாடுகள் ஏற்றன. எனினும் சிறு சுரங்கங்களில் பொன்னைப் பிரிக்க இன்றும் வெறுங்கையால் பாதரசத்தைப் பிசைவோர் உளர். அந்தப் பொன்னும் எங்கோ ஒரு கழுத்தில் மின்னும்.

விலை என்ன என்று கேட்பது வணிகம். அதை யார் கொடுத்தார் என்று கேட்பதே அறம். பொருள் எதுவாயினும், ஒருமுறை அதைத் திருப்பிப் பார்ப்போம்!