பரீட்சை கோணலென்றால் விடையும் கோணலாகலாமா?

திருகோணமலை நகரை விட்டு நிலாவெளி வீதியால் வடக்கே போனால், உப்புவெளியைத் தாண்டியதும் சாம்பல்தீவு வரும். பாலத்துக்கு ஒரு பக்கம் களப்பு. மறு பக்கம் கடல். இந்த ஊரிலே ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். மூத்த மகன் கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து முடித்தவன். நாளை காலை பத்து மணிக்கு, பெரிய மென்பொருள் கம்பனி ஒன்றின் நேர்முகப் பரீட்சை அவனுக்கு இருக்கிறது. அதற்காக அவன் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. வீட்டின் முன்னறையிலே கணினிக்கு முன்னால் இருந்தால் போதும்.

இரவு நண்பன் ஒருவன் வருகிறான். "மச்சான், அவங்கள் கேள்வி கேட்டவுடனே விடையைத் திரையின் மூலையிலே எழுதிக் காட்டுகிற மென்பொருள் ஒன்று இருக்கு. உன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அவங்கள் மட்டும் நியாயமாகவா சோதிக்கிறாங்கள்?" என்கிறான்.

நண்பன் போய்விட்டான். பையனுக்கு நித்திரை வரவில்லை. வாசகரே, நீங்கள் அவனுடைய தாயாகவோ தகப்பனாகவோ இருந்தால் என்ன சொல்வீர்கள்? "களவு செய்யாதே" என்று ஒரு வார்த்தையிலே முடித்துவிடுவது எளிது. ஆனால் நண்பனின் கேள்வியிலே ஓர் உண்மை இருக்கிறது. அதைக் கேளாதவர்களைப்போல் நாம் புத்தி சொன்னால், பிள்ளை நம்மை மதித்துத் தலையாட்டுவான், நம்பமாட்டான். ஆகவே முதலில் அந்த உண்மையைப் பார்ப்போம்.

இந்த இளைஞன் தேடும் உத்தியோகத்தை 'புரொண்ட் எண்ட் டெவலப்பர்' என்கிறார்கள். உங்கள் கைத்தொலைபேசியில் வங்கியின் பக்கத்தைத் திறக்கிறீர்கள். எழுத்துகள், பெட்டிகள், அழுத்தும் பொத்தான்கள் எல்லாம் தோன்றுகின்றன. கண்ணுக்குத் தெரியும் இந்த முகப்பை ஆக்குவதே அவர்களுடைய தொழில். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் அவர்களுடைய ஆயுதங்கள். வலைக்காரனுக்கு நூலும் ஊசியும் எப்படியோ அப்படி.

ஆனால் பெரிய கம்பனிகளின் நேர்முகப் பரீட்சைகளிலே இந்தத் தொழில் மட்டும் கேட்கப்படுவதில்லை. முதலில் தொலைபேசியில் ஒரு பேச்சு. பிறகு நேரக் கட்டுப்பாட்டுடன் கணினியில் ஒரு சோதனை. அதற்குப் பிறகு நாலைந்து சுற்றுகள். முகப்பை ஆக்க வந்தவனிடம், அந்த வேலையிலே அருமையாகவே பயன்படும் கணக்குப் புதிர்களைக் கொடுத்து, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, முக்கால் மணித்தியாலத்தில் தீர்க்கச் சொல்வதுண்டு. "மேலதிகாரியோடு நீர் கருத்து வேறுபட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லும்" என்பதுபோன்ற கேள்விகளும் வரும். எல்லாம் முடிந்தபின் "வருந்துகிறோம்" என்று இரண்டு வரிக் கடிதம் வரலாம். ஏன் தவறினோம் என்ற காரணம் பெரும்பாலும் அதில் இராது. சிலருக்கு அந்தக் கடிதமும் வருவதில்லை. இது உலகம் முழுவதும் உள்ள விண்ணப்பதாரிகளின் முறைப்பாடு.

இந்த முறைப்பாடு தோற்றவர்களின் புலம்பல் மட்டுந்தானா? இல்லை. மக்ஸ் ஹோவெல் என்பவர் ஹோம்புரூ என்னும் மென்பொருளை ஆக்கியவர். அது உலகெங்கும் பொறியியலாளர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கருவி. 2015ஆம் ஆண்டில் கூகிள் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. தம்முடைய கருவியைக் கூகிளின் பொறியியலாளர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள் என்றும், பலகையிலே ஒரு புதிரைத் தீர்க்க முடியாததால் தம்மைத் தள்ளிவிட்டார்கள் என்றும் அவர் பகிரங்கமாக எழுதினார். வட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் அக்டனை 2009இல் பேஸ்புக் வேலைக்கு எடுக்க மறுத்தது. 2014இல் அதே பேஸ்புக், ஏறக்குறைய 1900 கோடி அமெரிக்க டொலர் கொடுத்து வட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தது. கூகிளில் ஆளணிப் பொறுப்பிலிருந்த லாஸ்லோ பொக், மூளையைக் குழப்பும் விடுகதைகளைக் கேட்பது வீண்வேலை என்று 2013இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்கு வெளிப்படையாகவே சொன்னார்.

ஆகவே அளவுகோல் சில வேளைகளில் கோணலானது என்பதை ஒப்புக்கொள்வோம். அப்படியானால் நண்பனின் முடிவும் சரிதானா? கோணல் அளவுகோலுக்குக் கோணல் விடை போதுமா?

நண்பனின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"அவர்கள் அநியாயம் செய்கிறார்கள், ஆகவே நானும் செய்யலாம்." இந்த வாதம், அடி யார்மேல் விழுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. பையன் கள்ள விடை சொன்னால் அந்தப் பெரிய கம்பனிக்கு என்ன குறைந்துவிடும்? ஒன்றுமில்லை. இருப்பது ஓர் இடம். அதே நாளில் மூதூரிலோ மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ, இன்னொரு வீட்டின் முன்னறையில், இன்னொரு பிள்ளை, எந்த ஒளித்த உதவியும் இல்லாமல் அதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். இவன் ஓங்கிய கை கம்பனியைத் தொடாது. அந்தப் பிள்ளையின் கன்னத்திலேதான் விழும். பலசாலி செய்த அநியாயத்துக்குப் பலவீனரிடம் பழிவாங்குவதை நியாயம் என்று யார் சொல்வார்?

கோணல் அளவுகோலைப் பற்றி நமக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் வந்தபோது எத்தனை தமிழ் வீடுகள் கலங்கின என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். அதை எதிர்த்தவர்கள் "எங்கள் பிள்ளைகள் பார்த்தெழுத விடுங்கள்" என்று கேட்கவில்லை. நியாயமான அளவுகோலைக் கேட்டார்கள். கை சுத்தமாக இருந்தபடியால் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. கள்ள விடையால் உள்ளே போனவனுக்கு, "இந்தப் பரீட்சை பிழை" என்று சொல்ல வாய் ஏது?

"வேலைக்குப் போனபின் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தத்தானே போகிறோம்? பரீட்சையில் மட்டும் ஏன் கூடாது?" இது இரண்டாவது வாதம், முதலாவதைவிட வலியது. கருவியைப் பயன்படுத்துவதிலே குற்றமில்லை என்பது மெய். குற்றம் ஒளிப்பதிலே இருக்கிறது. வேலையிடத்தில் பக்கத்திலிருப்பவனுக்கு இவன் என்ன கருவியைக் கொண்டு செய்கிறான் என்று தெரியும். பரீட்சையிலோ, "இது என் சொந்த யோசனை" என்று கேட்பவர் நம்பும்படி நடிக்க வேண்டியிருக்கிறது. விடை தெரிந்திருந்தும், சற்று யோசிப்பதுபோல் நெற்றியைச் சுருக்க வேண்டியிருக்கிறது. இந்த வித்தியாசத்தைக் கம்பனிகளே உணரத் தொடங்கிவிட்டன. அவுஸ்திரேலியாவின் கன்வா கம்பனி, முகப்பு வேலைக்கு வருகிறவர்கள் உட்படத் தன் விண்ணப்பதாரிகள் நேர்முகப் பரீட்சையிலே இக்கருவிகளை வெளிப்படையாகவே பயன்படுத்த வேண்டும் என்று 2025இல் அறிவித்தது. எங்கே அனுமதி உண்டோ அங்கே தாராளமாகப் பயன்படுத்தட்டும். அனுமதி உண்டா என்று தெரியாவிட்டால், ஒரு வரியிலே கேட்டுவிடலாம். கேட்கப் பயமாக இருந்தால், அந்தப் பயமே விடையைச் சொல்லிவிடுகிறது அல்லவா?

"எல்லாரும் செய்கிறார்கள்" என்பது மூன்றாவது வாதம். எல்லாரும் செய்தால் என்ன நடக்கும்? நடக்கத் தொடங்கிவிட்டது. 2025இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர், இப்படி ஒளிந்திருந்து விடை காட்டும் மென்பொருளை ஆக்கி, பெரிய கம்பனிகளின் பரீட்சைகளில் தாமே பயன்படுத்தியதாகப் பறைசாற்றினார். பல்கலைக்கழகம் அவர்மேல் நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டில் கூகிளின் தலைமை அதிகாரி சுந்தர் பிச்சை, இனி ஒரு சுற்றையாவது ஆளை நேரிலே வைத்து நடத்தப்போவதாகச் சொன்னார். இதன் பொருள் என்ன? கொழும்பிலும் பெங்களூரிலும் வீடுள்ளவனுக்கு இதனால் நட்டமில்லை. சாம்பல்தீவிலிருந்து கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர். பஸ் காசு, தங்குமிடம், ஒரு நாள் உழைப்பு எல்லாம் போகும். வீட்டிலிருந்தே பரீட்சை எழுதலாம் என்ற கதவு, தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே திறந்த கதவுபோல் இருந்தது. கள்ள விடைகள் அந்தக் கதவை மெல்ல மெல்ல மூடுகின்றன. பரீட்சைக்காரர் நம்மை நம்புவதே ஏழையின் முதல். அதை அழிப்பவன் தன் ஊரின் முதலை அழிக்கிறான்.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டால் இந்த வாதம் முழுமையாகாது. கள்ள விடையால் வேலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சம்பளம் வருகிறது, வீட்டுக் கூரை மாறுகிறது, தங்கைக்குப் படிப்புச் செலவு கிடைக்கிறது. இவை சிறிய நன்மைகளல்ல. வயிறு நிறைந்தவர்கள் இவற்றைச் சிறிதாகப் பேசக் கூடாது. ஆனால் அந்தப் பையனிடமிருந்து ஒன்று களவு போயிருக்கும். "என்னால் அது முடிந்திருக்குமா?" என்ற கேள்விக்கு அவனுக்கு இனி விடை கிடையாது. ஒருவேளை உதவியில்லாமலே அவன் தேறியிருப்பான். அதை அவன் ஒருநாளும் அறியப்போவதில்லை. பிறரை ஏமாற்றுகிறவன் முதலில் தன்னைப் பற்றிய அறிவை இழக்கிறான்.

அவனுடைய தொழிலும் இதையே கேட்கிறது. முகப்பை ஆக்குபவனின் நேர்மை, முகப்பிலே தெரியாத இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது. கண்பார்வையற்றவர் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால், கணினி அதை அவருக்கு வாசித்துக் காட்டும். படத்துக்குப் பின்னால் அது இன்ன படம் என்ற குறிப்பும், பொத்தானுக்குப் பின்னால் அதன் பெயரும் எழுதப்பட்டிருந்தால்தான் அவருக்குப் பயன். பார்வையுள்ள மேலதிகாரியின் கண்ணுக்கு இவை தெரியா. எழுதாமல் விட்டாலும் பக்கம் அழகாகவே இருக்கும். யாரும் பார்க்காத இடத்திலே சரியாகச் செய்யும் பழக்கம் வேலைக்குச் சேர்ந்தபின் சம்பளத்தோடு வருவதில்லை. அது முன்னறையிலே, முதல் நாளிலேயே தொடங்க வேண்டியது.

இத்தனையும் விண்ணப்பதாரிக்குச் சொன்னோம். பரீட்சிக்கிறவர்களுக்குக் கடமை இல்லையா? உண்டு, அது இன்னும் பெரிது. பலமுள்ளவனின் கோணலே முதற் கோணல். எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே முறையில் புள்ளியிடும் ஒழுங்கான நேர்முகப் பரீட்சை, ஆளின் திறமையை மற்றப் பல முறைகளைவிட நன்றாகக் காட்டுகிறது என்று 2022இல் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. முகப்பு வேலைக்கு ஆள் தேடினால், சிறியதொரு பக்கத்தைக் கொடுத்து அதை ஆக்கச் சொல்லுங்கள். என்ன அனுமதி, என்ன அனுமதியில்லை என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். எடுக்காவிட்டால், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். நம்மில் சிலரும் கடையிலோ காரியாலயத்திலோ பாடசாலையிலோ ஆள் எடுப்பவர்கள்தாம். நாம் எப்படிச் சோதிக்கிறோம்? "அறிவிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு மறந்துபோன முகங்கள் எத்தனை?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை முடிந்து பையன் முன்னறையிலிருந்து எழும்பி வந்ததும் "சரிவந்ததா?" என்று மட்டும் கேட்கிறோம். கள்ள விடையின் விதை பல வேளைகளில் அந்தக் கேள்வியிலேதான் இருக்கிறது. "என்ன கேட்டார்கள்? எதற்குத் தெரியாது என்று சொன்னாய்?" என்றும் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று சொல்வது இந்த வீட்டிலே வெட்கமல்ல என்பதைப் பிள்ளை அறிந்துகொள்வான்.

மேலே சொன்ன சுந்தர் பிச்சை தமிழ்நாட்டிலே பிறந்து சென்னையில் வளர்ந்தவர். அவர் கூகிளின் நேர்முகப் பரீட்சைக்குப் போனது 2004 ஏப்ரல் 1ஆம் திகதி. ஜிமெயில் அறிவிக்கப்பட்ட அதே நாள். ஜிமெயிலைப் பற்றி என்ன நினைக்கிறீர் என்று கேட்டார்களாம். அது முட்டாள்கள் தினத்துப் பகிடி என்றே அவர் எண்ணியிருந்தாராம். நாலாவதாக வந்தவர், "அதைப் பார்த்திருக்கிறீரா?" என்று கேட்டபோது, இல்லை என்றார். கேட்டவர் அதைத் திறந்து காட்டினார். ஐந்தாவதாக வந்தவர் கேட்டபோது அவரால் பதில் சொல்லத் தொடங்க முடிந்தது. இதைப் பிற்காலத்தில் அவரே சொன்னார். 'இல்லை' என்ற விடைக்கு எப்போதும் இப்படி நல்ல பலன் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பல வேளைகளில் கிடைக்காது. உண்மை சொன்னவன் தோற்கவும் கூடும். ஆனால் 'இல்லை' என்று சொன்னவனுக்குத்தான் ஒருவர் எதையாவது திறந்து காட்ட முடியும். எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பவனுக்கு யார் என்ன காட்டுவார்?

நாம் இதை நேர்முகப் பரீட்சை என்கிறோம். முகம் நேராக இருக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கேட்பவரின் முகமும் நேராக இருக்கட்டும் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு, கேட்போம். ஆனால் அவருடைய முகம் நேராகும்வரை நம்முடையதைக் கோணலாக வைத்திருக்கத் தேவையில்லை.

நாளை காலை பத்து மணிக்கு அந்தப் பையன் கணினிக்கு முன்னால் வந்து இருப்பான். திரையின் மூலை வெறுமையாக இருக்குமா, இல்லையா என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் தன் தகப்பனுக்கு முன்னால்தான் வந்து உட்கார வேண்டும். அந்த முகத்தை அவன் நேராகப் பார்க்கும்படி, இன்றிரவே அவனோடு பேசுங்கள்.