பாழ்பட்ட ஆலயமும் வழிபாடும்

கண்டிக்கு அருகேயுள்ள ஹந்தானைச் சரிவில் நின்று பேராதனைக்கு மேற்கே விரியும் குன்றுகளை நோக்குங்கால், பாழ்பட்ட ஆலயத்தின் அழகில் மனம் தோய்வது பக்தனுக்குத் தகுமா என்னும் வினா என்னைவிட்டு அகல்வதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எட்டாம் ஹென்றி மன்னன் 1536 முதல் மடாலயங்களைக் கலைத்து, துறவிகளை வெளியேற்றி, கூரை ஈயத்தையும் கழற்றி விற்றபின், வானமே விதானமாக நின்ற டின்டேர்ன் முதலிய மடங்களை டர்னரும் அவருக்குப் பின்வந்த விக்டோரியா காலத்து ஓவியரும் பசுங்கொடியும் அந்தியொளியும் படரத் தீட்டினர். அந்த ரசனையோடு இலங்கைக்கு வந்தவர் ஆண்ட்ரூ நிக்கோல். கொழும்பு அகாதமியில் சித்திரம் பயிற்றிய அவர், கண்டிச் சீமை கிளர்ந்தெழுந்த 1848ஆம் ஆண்டில் இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்டின் பரிவாரத்தோடு சென்று, காடு மூடிய பழந்தலைநகரங்களின் இடிபாடுகளை வரைந்தார்.

அத்தகைய ஓவியங்களில் அநித்தியம் என்னும் தத்துவம் புலப்படுகின்றது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், விளக்கேற்றும் கடமை இல்லாதவர்க்கே சிதைவு முழு இன்பமாக வாய்க்கின்றது. பசுவின் உடலெங்கும் பரந்த பால் மடிவழியே சுரப்பதுபோல், எங்கும் நிறைந்த இறைவன் திருக்கோயிலில் வெளிப்படுகின்றான் என்று கொள்ளும் சைவனுக்குப் பூசை நின்ற கருவறை தீர்க்கப்படாத கடனாகவே தோன்றும். பழுதுற்ற கோயிலைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணத்தை ஆகமங்கள் விதிப்பதும், திருப்பணிக் காலத்தில் மூர்த்தியைத் தற்காலிகச் சந்நிதியாகிய பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து பூசை தொடர்வதும் இதுபற்றியே.

எனினும், திருப்பணி என்ற பெயரால் பழங்கல்லை மணல்வீச்சால் சுரண்டி, எனாமல் பூசி, பளிங்கு பதிக்கும் நம்மவர் செயல் எனக்கு உடன்பாடன்று. புதுப்பித்தலைக் கட்டடத்தின் நாசமென்றே 1849இல் ஆங்கிலக் கலைத் திறனாய்வாளர் ரஸ்கின் வாதிட்டது மிகையாயினும், பழைய கைவினைஞனின் உயிர்ப்பு அவன் உளிபட்ட கல்லிலேயே உறைகின்றது என்ற அவர் உணர்வு நாம் கைக்கொள்ளத்தக்கது.

கணேசுவராசாரி என்னும் தென்னிந்திய ஸ்தபதியின் தலைமையில் 1344இல், பேராதனைக்கு மேற்கே அக்குன்றுகளிடையே பாறைமேல் எழுந்த கடலாதெனிய என்னும் பௌத்தக் கற்றளியில், ஆடுவோரும் மத்தளம் கொட்டுவோருமாகிய சிற்பங்கள் முகம் தேய்ந்து நிற்கின்றன; மழை கறுக்கச் செய்த கல்லில் பாசி படர்ந்திருக்கின்றது; பாறைக்குழிகளில் நீர் தேங்கிக் கிடக்கின்றது. நிக்கோல் விரும்பியிருக்கக்கூடிய முதுமை அத்தனையும் அங்கே உண்டு. ஆனால் திராவிட விமானத்தின் கீழே புத்தர்பிரான் திருமுன் மலர் வாடுமுன் மறுமலர் வருகின்றது. அருகிலுள்ள சந்நிதியில் திருமாலும் வழிபடப்பெறுகின்றார். தேய்ந்த கல்லை அவ்வாறே போற்றிக்கொண்டு பூசையையும் நிறுத்தாதிருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஹந்தானையைச் சூழ்ந்த தோட்டத்துக் கோயில்களுக்குப் புதுக்கோபுரம் எழுப்புவோர், முன்னோர் மரத்தடியில் நட்டு வணங்கிய கல் எங்கேனும் எஞ்சியிருப்பின், அதை அகற்றிவிடாமல் கருவறையிலேயே வைத்துப் பூசிக்க வேண்டுமென்று நான் கேட்டுக்கொள்வது இதனாலேயே.