பழகிவிட்டான்

தரம் 3இல் எனக்கொரு மாணவன். ஓட்டிசம் உள்ள பிள்ளை. ஜன்னலோரக் கதிரைதான் அவனுக்கு வேண்டும். கணிதம் முடிந்த பிறகுதான் தமிழ். இதில் ஒன்று மாறினாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். பார்ப்பவர்கள் அடம் என்பார்கள்.

அது அடமல்ல. மாற்றத்தைத் தாங்க முடியாத இத்தன்மையை லியோ கானர் 1943இல், 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே குறித்திருக்கிறார். இதை அளப்பதற்கென்றே 38 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை அமெரிக்க ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். பெற்றோர் தரும் பதில்களே அதற்கு ஆதாரம். சில மாதங்கள் கழித்து மீண்டும் கேட்டால் பிள்ளையின் மாற்றம் தெரியும் என்பது எண்ணம்.

என்னிடம் இருந்தது ஒரு கொப்பி மட்டும். அவன் அலறும்போதெல்லாம் ஒரு கோடு போடுவேன். முதலாம் தவணையில் பக்கம் நிறையக் கோடுகள். இரண்டாம் தவணை முடிவில் இரண்டே இரண்டு. பெருமையோடு அவனுடைய உம்மாவிடம் காட்டினேன். அவர் முகம் மலரவில்லை.

“பள்ளிக்கூடத்தில சத்தம் போடுறதில்லதான் சேர். வீட்டுக்கு வந்தா கட்டிலுக்குக் கீழ போய்க் கிடக்கிறான். மஃரிப் பாங்கு கேட்ட பிறகுதான் வெளியில வாறான். முந்தி இப்பிடி இல்ல.”

நான் அளந்தது அவனுடைய மனத்தையல்ல, என் வகுப்பின் அமைதியை.

1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். அப்போது எனக்குப் பத்து வயது. புத்தளத்து அகதி முகாமில் நான் அழவில்லை. “பொடியன் பழகிட்டான்” என்று பெரியவர்கள் ஆறுதலடைந்தார்கள். நான் பழகவில்லை, அழுது பயனில்லை என்று கண்டுகொண்டேன், அவ்வளவுதான். அதை மறந்துவிட்டு, அதே சொல்லை இன்னொரு பிள்ளைக்கு நான் எழுதப் பார்த்தேன்.

அப்படியானால் அளக்கவே கூடாதா? அளக்கத்தான் வேண்டும். அந்தக் கோடுகள் இல்லாவிட்டால் உம்மாவின் சொல்லும் எனக்குக் கிடைத்திராது. ஆனால் தராசுக்குத் தட்டு இரண்டு. அலறல் குறைந்தது ஒரு தட்டு. அதற்காகப் பிள்ளை கொடுத்த விலை மறுதட்டு. நிறுவையில் குறைவைப்பது பாவமென்று வியாபாரிக்குப் பயான் செய்கிறோம். பிள்ளையை நிறுக்கிறவனுக்கும் அது பொருந்தும்.

இப்போது பாடம் மாறுவதாயிருந்தால் முதல் நாளே படம் வரைந்து அவனுக்குக் காட்டுகிறேன். அழுதால் அழ விடுகிறேன். கொப்பியில் இரண்டு நிரல்கள் கீறியிருக்கிறேன். ஒன்று எனக்கு, மற்றது உம்மாவுக்கு. இந்தத் தவணை என் நிரலில் கோடுகள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. உம்மாவின் நிரலில் குறைந்திருக்கின்றன.

முன்னேற்றம் என்றே எழுதினேன்.