முப்பது வரை சேர்த்துவைக்கலாம்

பழைய ஜப்பானிய ரோல்-பிளேயிங் விளையாட்டுகளில் ஒரு தொல்லை உண்டு. நாலு அடி நடந்தால் திரை சுழலும், இசை மாறும், எங்கிருந்தோ இரண்டு பூச்சிகளும் ஓர் எலும்புக்கூடும் வந்து மறித்து நிற்கும். அடித்து முடித்துவிட்டு மறுபடி நாலு அடி. எந்தக் கதவைத் தேடிப் போனோம் என்பதே மறந்துவிடும். 1986-இல் டிராகன் குவெஸ்ட், 1987-இல் ஃபைனல் ஃபேன்டஸி என்று இந்த வகை வேரூன்றிய நாளிலிருந்தே இப்படித்தான். பழைய விளையாட்டுகளை நினைத்து உருகுகிறவர்கள்கூட இதை நினைத்து உருகியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஃபைனல் ஃபேன்டஸியை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சிக்கு இது தெரியாமலா இருக்கும்? தம்முடைய ஆறாம் ஃபைனல் ஃபேன்டஸியைப் பல ஆண்டுகள் கழித்து எடுத்து விளையாடிப் பார்த்தபோது, அந்த மாதிரி இன்னொன்று செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்படிப் பிறந்தது ஃபேன்டேசியன். 2021-இல் ஆப்பிள் ஆர்கேடில், செல்போன் திரையை விரலால் தட்டி ஆடும்படி வந்தது. 2024 டிசம்பரில் 'நியோ டைமென்ஷன்' என்ற பெயரோடு கணினிக்கும் கன்சோல்களுக்கும் வந்து சேர்ந்தது. நான் ஆடுவது இந்தப் பதிப்பைத்தான். பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்காகச் சண்டையைக் கொஞ்சம் இளக்கியும் வைத்திருக்கிறார்கள். இசை, அந்தக் காலத்து ஃபைனல் ஃபேன்டஸிக்கு இசையமைத்த அதே நோபுவோ உவேமட்சு.

எனக்கு இதில் ஏக்கம் வர நியாயமே இல்லை. தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் சுற்றிய வீடியோ கேம் கேசட்டுகளில் மாரியோ இருந்தார், கான்ட்ரா இருந்தது. கதை சொல்லும் விளையாட்டு ஒன்றுகூட இருந்ததில்லை. யாரோ ஒரு ஜப்பானியச் சிறுவனின் கோடை விடுமுறைக்காக நான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன் போலும்.

இந்த விளையாட்டின் ஊர்களும் காடுகளும் கணினியில் வரைந்தவை அல்ல. கையால் செய்த சிறு மாதிரிகள், 150-க்கும் மேல். ராட்சச மிருகப் படங்களுக்கு செட் போட்டுப் பழகிய கலைஞர்களின் கைவேலையும் இதில் இருக்கிறது. அவற்றைப் பல கோணங்களில் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து முப்பரிமாண உலகமாக மாற்றியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் வர்ணம் பூசிய தடம் தெரிகிறது. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை ரசிக்க விடாமல் நாலடிக்கு ஒரு பூச்சி வந்து மறித்தால் செய்தவருக்கே வயிறு எரியாதா? அதற்காக ஒரு கருவியை வைத்தார்கள். டைமென்ஜன் என்று பெயர். கதையில் கொஞ்ச தூரம் போனதும் கைக்கு வரும். அதன் பிறகு வழியில் எதிர்ப்படும் அரக்கர்களோடு அங்கேயே மோத வேண்டியதில்லை. வேறோர் உலகத்துக்கு அனுப்பிவிட்டு நடையைத் தொடரலாம். தொடக்கத்தில் முப்பது பேர் வரை சேர்த்துவைக்கலாம். நிரம்பியதும் உள்ளே போய் மொத்தப் பேரோடும் ஒரே மூச்சில் சண்டை போட்டாக வேண்டும்.

முதலில் இது சோம்பேறிக்குக் கொடுத்த சலுகை என்றுதான் நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. ஒவ்வொருவராக வந்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு வீச்சு வேண்டியிருந்தது. இங்கே முப்பதும் கூட்டமாக நிற்கின்றன. குறிபார்க்கும்போது திரையில் ஒரு கோடு விழும். அதைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தினால் வரிசையாக நிற்கிற ஐந்து பேரை ஒரே வாள்வீச்சு ஊடுருவிப் போகிறது. சில மந்திரங்களின் பாதையை வளைத்தும் விடலாம். முன்வரிசையைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஒளிந்திருப்பவனைத் தொடலாம். போதாததற்கு, தாக்கும் வலிமையைக் கூட்டும் பொருள்களும் களத்தில் அங்கங்கே கிடக்கும், அடித்து எடுத்துக்கொள்ளலாம். தனித்தனியே அலுப்பாக இருந்தது, சேர்ந்தபோது கைத்திறனுக்கு வேலையாகிவிட்டது.

என் பெரியம்மா தையல் வேலையை இப்படித்தான் செய்வாள். அறுந்த பட்டன், பிரிந்த விளிம்பு, கொக்கி போன ஜாக்கெட் எல்லாம் ஒரு பையில் சேரும். பையின் வாய் மூட முடியாமல் போகிற அன்று மத்தியானம் திண்ணையில் உட்காருவாள். ஊசியில் வெள்ளை நூல் கோத்தால் வெள்ளைத் துணி அத்தனையும் முடிந்த பிறகுதான் அடுத்த நிறம். ஆனால் தபால் வந்தால் மட்டும் கதை வேறு. சைக்கிள் அடுத்த வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் உறையைக் கிழித்துப் படித்துவிடுவாள். பதில் எழுத ஒரு மாதம்கூட ஆகும், அது பற்றி அவளுக்குக் கவலையில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

டைமென்ஜனிலும் அதே சட்டம் இருக்கிறது. அதைக் கவனித்த பிறகுதான் இந்த விளையாட்டின் மேல் எனக்கு மரியாதை வந்தது. முன்பு சந்தித்த வகை அரக்கர்களைத்தான் அந்த உலகத்துக்கு அனுப்பலாம். புதிதாக ஒருவன் வந்தால் அவனோடு ஒரு முறையாவது நேருக்கு நேர் நின்றாக வேண்டும். அவனுக்கு நெருப்பு சுடுமா, பனி சுடுமா, எத்தனை அடி தாங்குவான் என்று பார்த்தாகிவிட்டதா, பிறகு அவன் கூட்டத்தாரை இடம் இருக்கும் வரை தள்ளிவைக்கலாம். பெரிய எதிரிகளை மட்டும் எப்போதும் தள்ளிவைக்க முடியாது.

தள்ளிப்போடுவதைப் பற்றி நமக்குச் சொல்லித்தந்ததெல்லாம் ஒரே தொனிதான்: கெட்ட பழக்கம், உடனே செய். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மின்கட்டணம், வங்கியில் முகவரி மாற்றம், பரணில் கிடக்கும் பெட்டி இவற்றையெல்லாம் வந்தபோதே முடிக்கிறேன் என்று கிளம்புகிறவனுக்கு ஒரு நாளும் எந்த ஊரையும் நின்று பார்க்க வாய்க்காது. அவை தெரிந்த முகங்கள்; பையில் கிடக்கலாம். திறக்காமல் வைத்திருக்கும் ரத்தப் பரிசோதனை அறிக்கை அப்படியல்ல. அண்ணனோடு பேசாமல் விட்ட ஒரு பேச்சு அப்படியல்ல. அவற்றைச் செய்யாமல் இருப்பதுகூட இரண்டாம்பட்சம். என்னவென்று ஒரு முறைகூடப் பார்க்காமல் உள்ளே அனுப்பிவிடுகிறோமே, சிக்கல் அங்கேதான்.

வாழ்க்கையை விட விளையாட்டு நமக்கு இரண்டு விஷயங்களில் தாராளமானது. சேர்த்துவைத்த அரக்கர்கள் காத்திருக்கிற நேரத்தில் வளர்வதில்லை. உள்ளே போனபோது எப்படி இருந்தானோ அப்படியே இருப்பான், நான்தான் இடையில் பலமாகியிருப்பேன். சொத்தைப் பல்லுக்கும் வட்டிக்கடனுக்கும் இந்தக் கருணை கிடையாது. இரண்டாவது, எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கை அது மறைப்பதில்லை. எனக்கு என் கணக்கு எப்போதுமே தோராயமாகத்தான் தெரியும்.

கதை நகர நகர டைமென்ஜனின் கொள்ளளவு கூடுகிறது. நான் பழைய வழக்கப்படி இருபதைத் தாண்டினாலே உள்ளே போய் முடித்துவிட்டு வருகிறேன். இதே விளையாட்டை ஆடும் அலுவலக நண்பரிடம் இதைச் சொன்னேன். "எதுக்கு சார்? நிரம்பினா அதுவே இழுத்துட்டுப் போகுமே, அப்போ பாத்துக்கலாம்" என்றார். வருமான வரிக் கணக்கையும் அவர் கடைசி நாள் ராத்திரிதான் தாக்கல் செய்வார். இதுவரை ஒரு ரூபாய் அபராதம் கட்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.