கற்பனையும் கற்பனைகளும்



சாம்பல் புதன் வந்துவிட்டால் நம்ம மாவட்டத்தில் அநேக வீடுகளில் இறைச்சி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். சி.எஸ்.ஐ. சபையார் லெந்து காலம் என்கிறார்கள். கத்தோலிக்கர் தவக்காலம் என்கிறார்கள். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 40. பெந்தெகொஸ்தே சபைகளில் இதைப் பொதுவாக ஆசரிக்கிறதில்லை. நாட்களை விசேஷித்துக்கொள்ளுகிறவனும் விசேஷித்துக்கொள்ளாதவனும் ஒருவரையொருவர் குற்றப்படுத்தக்கூடாது என்று ரோமர் 14-ம் அதிகாரத்தில் பவுல் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே நாள் பார்க்கிறதைப்பற்றி இங்கே வாதாடப் போவதில்லை. கேள்வி வேற ஒண்ணு.

இந்த நாட்களில் சில சபைகளில் விசுவாசிகளுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறார்கள். இயேசுவின் பாடுகளில் ஒரு பகுதியை வாசித்து, நீ அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன கண்டிருப்பாய், என்ன பேசியிருப்பாய் என்று எழுதச் சொல்லுகிறார்கள். சங்கீதம் மாதிரி ஒரு ஜெபத்தைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லுகிறார்கள். பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லுகிறார்கள். நம்ம ஜனங்கள் இதைக் கேட்டால், "இதெல்லாம் மாம்சத்தின் வேலையில்லியா? ஆவியானவர் ஜெபிக்க வைக்கும்போது பேனாவும் நோட்டும் எதுக்கு? வேத வசனத்தோட கற்பனையைக் கலக்கலாமா?" என்று கேட்கிறார்கள். தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. வசனத்தின்மேல் உள்ள பயத்தினால் கேட்கிற கேள்வி.

முதலில் அந்தச் சொல்லையே பாருங்கள். ஞாயிறு பள்ளியில் நாம் படித்தது பத்துக் கற்பனைகள். நம்ம தமிழ் வேதாகமத்தில் கற்பனை என்றால் தேவனுடைய கட்டளை. ஆனால் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாரிடம் கேட்டால், கற்பனை என்றால் மனசில் உருவாக்கிப் பார்க்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்! கட்டளை மேலேயிருந்து வருகிறது. மனசின் கற்பனை உள்ளேயிருந்து வருகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமா, அல்லது ஒன்று மற்றொன்றுக்குக் கீழ்ப்பட்டு ஊழியம் செய்யுமா? இதுதான் விஷயம்.

சங்கீதம் 119-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கர்த்தருடைய கற்பனைகளை அதிகமாய்ப் புகழுகிற சங்கீதம் அது. அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? எபிரெய மொழியில் 22 எழுத்துக்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டு வசனம். அந்த எட்டும் அதே எழுத்தில் தொடங்கும். மொத்தம் 176 வசனம். இது உட்கார்ந்து யோசித்து, எழுத்தெழுத்தாகக் கட்டின வேலை. இதை எழுதினவனுக்கு ஆவியானவர் துணை நிற்கவில்லை என்று நம்மில் யாராவது சொல்லுவோமா? ஆவியானவர் திடீரென்று மட்டும்தான் இறங்குவார், ஆயத்தம் பண்ணுகிறவனிடத்தில் இறங்கமாட்டார் என்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

நம்முடைய ஆண்டவரையே பாருங்கள். கெத்செமனேயில் அவர் மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44-ல் எழுதியிருக்கிறது. சிலுவையில் கைவிடப்பட்ட வேதனையில் அவர் கூப்பிட்டது 22-ம் சங்கீதத்தின் வார்த்தை. கடைசியாக ஆவியை ஒப்புக்கொடுத்தபோது சொன்னது 31-ம் சங்கீதத்தின் வார்த்தை. எத்தனையோ வருஷத்துக்கு முன்னே வேறொருவர் எழுதிவைத்த ஜெபம், தேவகுமாரன் மரிக்கிற நேரத்தில் அவருடைய சொந்த ஜெபமாயிற்று. எழுதின ஜெபம் செத்த ஜெபம் என்று இனி எப்படிச் சொல்லமுடியும்?

இன்னும் ஒரு சாட்சி. அப்போஸ்தலர் 4-ம் அதிகாரம் நம்ம பெந்தெகொஸ்தே ஜனங்களுக்கு மனப்பாடமாய்த் தெரிந்த பகுதி. ஜெபித்தபோது அவர்கள் கூடியிருந்த இடம் அசைந்தது, எல்லாரும் பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டார்கள். எந்த ஜெபத்துக்கு அசைந்தது? அவர்கள் இரண்டாம் சங்கீதத்தை எடுத்தார்கள். ராஜாக்கள் எழும்புகிறார்கள் என்று அதில் வருகிற இடத்திலே ஏரோதையும் பொந்தியு பிலாத்துவையும் நிறுத்தினார்கள். தாவீதின் பழைய பாட்டுக்குள்ளே தங்கள் ஊரையும், தங்களை மிரட்டினவர்களையும், தங்கள் பயத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள். அப்புறம் தைரியம் தாரும் என்று கேட்டார்கள். வசனத்துக்குள் தன்னை வைத்துப் பார்க்கிற பயிற்சி என்று இன்றைக்குச் சொல்லுகிறது இதைத்தானே!

நம்ம தமிழ் மண்ணிலும் இதைச் செய்தவர்கள் உண்டு. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பு என்ற ஊரில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பிரசங்கம் பண்ணினதற்காக 12 வருஷம் சிறையிலிருந்த ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்ச பிரயாணத்தைத் தழுவி, 3766 பாட்டுகளில் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். அது 1894-ல் வெளிவந்தது. அதிலே இரட்சணிய சரிதப் படலத்தில் ஆண்டவருடைய பாடுகளைப் பாடியிருக்கிறார். கம்பனை வாசித்து வளர்ந்த மனசு அவருடையது. அந்த மனசையும் அந்தத் தமிழையும் அவர் தூக்கி எறியவில்லை. சிலுவையடியில் கொண்டுபோய் வைத்தார். அவர் வேதத்தோடு ஒரு வசனத்தையும் கூட்டவில்லை. எருசலேமில் நடந்ததைத் தமிழன் தன் சொந்தக் காதால் கேட்கும்படி செய்தார்.

நாம் எல்லாரும் கவிராயர் அல்ல. ஆனால் இதை நாமும் செய்யலாம். ஒரு உதாரணம் சொல்லுகிறேன். பேதுரு மறுதலித்த பகுதி. அவன் கலிலேயன் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அவன் பேச்சே அவனைக் காட்டிக்கொடுத்தது என்று மத்தேயு 26:73 சொல்லுகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சென்னைக்கு வேலைக்குப் போன நம்ம பையன் வாயைத் திறந்த உடனே, "நீ நாகர்கோவில் பக்கமா?" என்று கேட்கிறார்கள் இல்லியா? "ஆமா, அங்கதான்" என்று சொல்ல எத்தனை பேருக்குக் கூச்சம்! பேதுருவுக்கும் அதே கதிதான். தன் ஊர்ப்பேச்சை மறைக்கமுடியாமல், சபித்தும் சத்தியம்பண்ணியும் பார்க்கிறான். சேவல் கூவுகிறது. ஆண்டவர் திரும்பிப் பார்க்கிறார். இப்போ உங்களையே கேளுங்கள்: நான் வேலை பார்க்கிற இடத்தில் என் பேச்சு நான் இயேசுவோடு இருந்தவன் என்று காட்டிக்கொடுக்குதா? காட்டிக்கொடுத்தால் நான் என்ன செய்கிறேன்? பத்து தடவை வேகமாய் வாசித்துக் கடந்துபோன பகுதி, இப்படி நின்று பார்த்தால் நம்மை விடாது.

ஆனாலும் பிரியமானவர்களே, ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மனுஷ இருதயத்தின் நினைவுகள் எவ்வளவு கேடுள்ளவை என்று ஆதியாகமம் 6-ம் அதிகாரத்திலேயே தேவன் சொல்லிவிட்டார். ஆகவே இரண்டு வேலி வேண்டும்.

ஒன்று: நான் யோசித்ததைக் கர்த்தர் சொன்னார் என்று சொல்லக்கூடாது. தங்கள் சொந்த இருதயத்திலிருந்து எடுத்துத் தீர்க்கதரிசனம் சொன்னவர்களை எசேக்கியேல் 13-ம் அதிகாரம் எவ்வளவு கடுமையாய்க் கண்டிக்கிறது! "நான் இப்படி நினைச்சுப் பார்த்தேன்" என்பது தாழ்மை. "கர்த்தர் எனக்கு இப்படிக் காட்டினார்" என்று அதையே மாற்றிச் சொன்னால் பொய். இந்த எச்சரிப்பு நோட்டில் எழுதுகிறவனுக்கு மட்டும் அல்ல, மேடையில் மைக் பிடிக்கிறவனுக்கும்தான்.

இரண்டு: அது கீழ்ப்படிதலில் முடியவேண்டும். நாத்தான் தாவீதுக்கு ஒரு ஆட்டுக்குட்டியின் கதை சொன்னான். தாவீது உருகினான், கோபப்பட்டான். அதோடு நின்றிருந்தால் அது வெறும் கதை. நாத்தான் கதையைத் திருப்பி ராஜாவின் நெஞ்சுக்கு நேரே வைத்தான். அங்கேதான் மனந்திரும்புதல் பிறந்தது. கெத்செமனேயை நினைத்து அழுத அதே கண், மருமகள் எத்தனை சவரன் கொண்டுவந்தாள் என்று எண்ணிப் பார்த்தால், அந்த அழுகைக்கு என்ன விலை? உபவாச நாளில் உருக்கமாய் ஜெபம் எழுதிவிட்டு, தோப்பில் வேலை செய்தவனுக்குச் சாயங்காலம் கூலியைப் பிடித்து வைத்தால், ஏசாயா 58-ம் அதிகாரம் நமக்கு விரோதமாய் எழும்பும். மனசின் கற்பனை தேவனுடைய கற்பனைக்கு வேலைக்காரனாய் இருக்கவேண்டும், எஜமானாய் அல்ல.

முடிக்குமுன் இன்னும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2017 நவம்பர் 30 ஓகி புயலையும் கண்ட மாவட்டம் இது. தூத்தூர், சின்னத்துறை பக்கத்திலிருந்து கடலுக்குப் போன பலர் திரும்பி வரவேயில்லை. இப்படிப் பறிகொடுத்தவர்களிடத்தில் போய், "அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று உடனே சொல்லிவிடுகிறோம். வேதம் அப்படிச் செய்யவில்லை. எருசலேம் இடிந்தபோது தேவன் தம்முடைய ஜனத்துக்கு ஒரு முழு புஸ்தகத்தையே ஒப்பாரியாகக் கொடுத்தார். புலம்பலின் முதல் நாலு அதிகாரமும் எபிரெய அகரவரிசையில் கட்டப்பட்டவை. ஐந்தாம் அதிகாரத்துக்கும் அதே 22 வசனம் உண்டு, ஆனால் எழுத்து வரிசை இல்லை. துக்கம் வரிசைக்கு அடங்காமல் போனதோ என்னவோ; அப்படியும் அது ஜெபமாகவே நிற்கிறது. நெஞ்சு அடைத்து வாய் வராதவனுக்கு எழுதுகிற நோட்டும் ஒரு ஜெப அறைதான். துக்கப்படுகிறவன் தன் கேள்வியை எழுதட்டும். நாம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்போம்.

ஆகவே இந்த நாட்களில் ஒரு சுவிசேஷத்தில் பாடுகளின் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் பகுதி போதும். வாய்விட்டு மூன்று தடவை வாசியுங்கள். வயலிலிருந்து வந்த வழியில் சிலுவை சுமக்கப் பிடிக்கப்பட்ட சிரேனே ஊரானாகிய சீமோனோடு நடந்து பாருங்கள். பிறகு நாலு வரி எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் என்ன, ஆண்டவர் பரீட்சை பேப்பர் திருத்துகிறவர் அல்லவே! எழுதத் தெரியாத அம்மாமார் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள். அந்தப் பிள்ளைக்கும் அது ஆசீர்வாதம். கடைசி வரியில் மட்டும் இன்றைக்கு நான் செய்யவேண்டியது என்ன என்று எழுதி, படுக்குமுன் அதைச் செய்துவிடுங்கள்.

தாவீதின் பாட்டைத் தங்கள் ஜெபமாக்கினவர்கள் கூடியிருந்த இடத்தை அசைத்தவர், நம்முடைய வீடுகளையும் அசைப்பாராக. ஆமென். அல்லேலூயா!