கண் சூடிய மலர்

வைணவ நெறியில் மலர்த்தொண்டுக்குத் தனி ஏற்றம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்து எம்பெருமானுக்கு மாலை கட்டினர். உடையவரின் திருவுள்ளத்தை நிறைவேற்ற அனந்தாழ்வான் திருமலையில் மலர்த்தோட்டம் வளர்த்தார். இத்தொண்டுக்கு ஒரு விதி உண்டு. பகவானுக்கென்று பறித்த மலரைப் பிறர் முகர்தல் ஆகாது, சூடுதலும் ஆகாது. தான் நுகர்ந்து எஞ்சியதை அவனுக்கு அளிப்பது அபசாரம் என்பது இதன் கருத்து.

ஆனால் மூக்கை விலக்கிக்கொள்வது போலக் கண்ணை விலக்கிக்கொள்ள முடியுமோ? கண்ணை மூடிக்கொண்டு பூப்பறிப்பார் எவரும் இலர். பூவின் அழகை முதலில் காண்பது பறிப்பவரின் கண்ணே. அங்ஙனமாயின், காண்பதும் ஒரு நுகர்ச்சிதானே? அவனுக்கு முன் நாம் அழகைக் கண்டு மகிழ்வது குற்றமாகுமா? இந்தப் பழைய வினாவைப் புகைப்படக் கலை புதிய வடிவில் எழுப்பியுள்ளது. அதிலும் மலரை மிக அருகிலிருந்து, கறுப்பு வெள்ளையில் எடுக்கும் படம் இதனை ஆழமாக எழுப்புகிறது.

மலரிடம் மனிதனை இழுப்பவை மணமும் வண்ணமும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இவ்விரண்டும் இல்லை. எஞ்சுவது வடிவம் ஒன்றே. ஆண்டாளின் திருக்கரத்தில் விளங்கும் கிளியை எண்ணிப் பார்க்கலாம். நாள்தோறும் புதிதாகச் செய்யப்படும் அக்கிளிக்கு மரவள்ளி இலை உடலாகிறது, மாதுளம்பூ மூக்காகிறது. நேரில் காண்பவருக்குப் பச்சையும் சிவப்பும் பளிச்சென்று வேறுபடும். எல்லா வண்ணங்களையும் ஏற்கும் பிலிமில் எடுத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகக்கூடும். செந்நிறத்தை ஏற்காத பழைய வகைப் பிலிமிலோ மாதுளம்பூ கறுத்தே போகும். அப்போது மூக்கை மூக்கென்று காட்டுவது அதன் வளைவும், இதழின் மடிப்பும், அவற்றின்மேல் விழும் ஒளியும் நிழலுமே.

நெசவுக்குப் பெயர்பெற்ற சுந்தரபாண்டியத்தில் இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. சேலையின் சாயம் கண்ணைக் கவரும். சேலையைத் தாங்குவது பாவும் ஊடையும் கொண்ட பின்னலே. வாங்குவோர் வண்ணத்தைப் பார்ப்பர். நெய்தவரின் விரல் இழையைப் பார்க்கும். கறுப்பு வெள்ளைப் படம் மலரின் சாயத்தை நீக்கி அதன் இழையைக் காட்டுகிறது. நம்மை மயக்குவது விலகும்போது, படைத்தவனின் கைவேலை வெளிப்படுகிறது.

அருகில் நெருங்கிப் பார்ப்பதனாலும் ஒரு ஞானம் உண்டு. சாமந்தியை ஒரு பூ என்கிறோம். நெருங்கிக் காணும்போது அது பல சிறு பூக்கள் ஒரே தலையில் கூடியிருக்கும் கூட்டம் என்பது விளங்கும். ஓர் இதழ் என்று நாம் எண்ணுவதே தனிப் பூவாகும். அடியார் குழாம் ஒன்றுகூடி ஒரே மலராய் எம்பெருமான் திருமேனியில் சேர்வது போன்றதன்றோ இது! திருத்துழாயின் கதிரையும் காண்க. இலையின் பெருமையைப் பேசும் நாம் அதன் பூவை நின்று நோக்குவதில்லை. அக்கதிரில் வட்டம் வட்டமாக, பெரும்பாலும் வட்டத்திற்கு ஆறாக, நெல்மணியிலும் சிறிய பூக்கள் அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு உதடுகளும் நான்கு மகரந்தத் தாள்களும் குறைவின்றி உள்ளன. மனிதக் கண்ணில் படாத இடத்திலும் அழகு குறைவறச் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே, மலர் நம் கண்ணுக்காக மட்டும் ஆனதன்று என்பது தெளிவு.

இத்தகைய படம் எடுப்பது எளிதன்று. மலரின் உருவம் பிலிமில் அதன் உண்மை அளவுக்கே விழ வேண்டுமாயின், வழக்கமாக வேண்டுவதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளி தேவைப்படும். தெளிவாகத் தெரியும் ஆழமோ மிகக் குறைவு. மகரந்தத் தாள் தெளிந்தால் இதழின் ஓரம் மங்கும். ஆழத்தைக் கூட்ட லென்ஸின் வாயைச் சுருக்கினால் ஒளி இன்னும் குறையும்; நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் காற்று அசைந்தால் படம் கெட்டது. எனவே எடுப்பவர் மண்ணில் முழங்காலிட்டு, மூச்சையும் அடக்கிக் காத்திருக்கிறார். தொண்டுக்கு வேண்டிய பணிவும் பொறுமையும் இங்கும் வேண்டப்படுகின்றன.

மேல்நாட்டில் இக்கலையில் புகழ்பெற்ற இருவரைச் சொல்லலாம். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பிளாஸ்பெல்ட் (1865–1932) இரும்பு வார்ப்புத் தொழில் பயின்றவர். பெர்லினில் கலைப்பள்ளி ஆசிரியர். செடிகளின் தளிரையும் மொட்டையும் பன்மடங்கு பெரிதாக்கிப் படமெடுத்து மாணவர்க்குக் காட்டினார். 1928-இல் நூலாக வந்த அப்படங்களில் ஒரு சிறு தளிர் கோபுரத் தூண்போல் நிற்கும். ஆயினும் வடிவம் தெளிய வேண்டி, வேண்டாத இலைகளை அவர் வெட்டி நீக்கியதுண்டு. அமெரிக்காவின் இமோஜன் கன்னிங்காம் (1883–1976) மூன்று மக்களின் தாய். பிள்ளைகளை விட்டு வெளியே செல்ல இயலாத நாள்களில் தம் தோட்டத்துப் பூக்களையே நோக்கத் தொடங்கினார். அவர் 1925-இல் எடுத்த மாக்னோலியாப் படம் உலகப் புகழ் பெற்றது. அந்த மலர் நம் செண்பகத்தின் இனமே. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் பெயர் தந்த அதே செண்பகம். ஒருவர் செடியைத் தம் நோக்கத்துக்கு இசைவித்தார். மற்றவர் தம் நாளைச் செடிக்கு இசைவித்துக்கொண்டார். இருவரும் அழகைக் கண்டவர்களே. எனினும் காணும் கண்ணில் எத்தனை நிலைகள்!

இனி வினாவுக்கு வருவோம். படம் எடுப்பவர் பூவைப் பறிக்கவில்லை, முகரவில்லை, சூடவில்லை. அதனால் மட்டும் அவர் குற்றமற்றவர் ஆகிவிடுவாரா? பறிக்காமலும் ஒரு பொருளைத் தனதாக்கிக்கொள்ளலாம். மாலையில் கட்டிய மலர் ஒரு நாள் எம்பெருமான் திருமேனியில் இருந்து, நிர்மால்யமாகி, பிரசாதமாகி வாடிவிடுகிறது. வாடுவதே அதன் சமர்ப்பணத்தின் நிறைவு. படத்தில் உள்ள மலரோ வாடுவதில்லை. "இது என் படம், என் கண் கண்டது" என்ற எண்ணம் அதன்மேல் படிந்து நிற்க இடமுண்டு. கைப்பேசிதோறும் காமிரா வந்துவிட்ட இந்நாளில், நந்தவனத்துப் பூவை நல்ல ஒளிக்காகத் திருப்பி ஒடித்துவிட்டுப் போவோரும் உளர். அவ்விடத்தில் கண்ணும் கையாகிவிடுகிறது.

விடை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. துளசிச் செடியின் கீழ் கிடைத்த கோதை, தந்தையார் கட்டிவைத்த மாலையைத் தான் சூடிக் கிணற்று நீரில் தன் நிழலைக் கண்டாள். கண்ணாடிக் கிணறு என்று அது இன்றும் காட்டப்படுகிறது. அந்த நீர்நிழலில் அவள் தேடியது தன் எழிலைக் கண்டு செருக்கும் இன்பத்தையன்று. அவனுக்குத் தான் ஏற்றவளோ என்பதையே. மாலையில் முடியைக் கண்ட ஆழ்வார் வருந்தி அதனை விலக்கினார். எம்பெருமானோ கனவில் தோன்றி, அவள் சூடிய மாலையே தனக்கு உகந்தது என்றான். இன்றும் அவள் சூடிய மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்கும் செல்கிறது. முதலில் கண்டதும் சூடியதும் அங்கே குறையாகவில்லை. ஏனெனில் சூடியவள் தன்னையே அவனுடைய பொருளாகக் கொண்டிருந்தாள். தானே அவனுடையவள் ஆனபின், அவள் கண் கண்டது அவன் கண்டதே.

ஆகவே காண்பது குற்றமன்று. "எனக்கு" என்று காண்பதே குற்றம். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. படம் எடுத்து எழுந்தபின் பூ செடியில் அப்படியே பெருமாளுக்காக நிற்கிறதா? படத்தைப் பார்த்தவர் எடுத்தவரின் திறமையை மட்டும் வியக்கிறாரா, அல்லது மறுநாள் துளசிக்கு நீர் வார்க்கையில் அதன் சிறு பூவைக் குனிந்து நோக்குகிறாரா? பின்னது நிகழுமாயின் அந்தப் படமும் ஒரு கைங்கர்யமே.

அகிம்சை, புலனடக்கம், உயிரிரக்கம், பொறுமை, ஞானம், தவம், தியானம், வாய்மை என்னும் எட்டும் திருமாலுக்கு உகந்த மலர்கள் என்பர் பெரியோர். இவற்றுக்கு வண்ணமும் இல்லை. மூக்கறியும் மணமும் இல்லை. வண்ணம் நீங்கிய மலரிலும் அழகைக் காணப் பழகிய கண், கண்ணுக்குத் தெரியாத இம்மலர்களையும் காணக் கற்கும். ஆடிப்பூரத் திருநாளில் தேர்வடம் பிடிக்க வரும் அன்பர்கள், ஆண்டாள் சூடிய மாலையைச் சேவிக்கும்போது தம் கண்ணையும் ஒரு மலராக்கி அவள் திருவடியில் சேர்ப்பார்களாக.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.